வராத நாளின் கணக்கு

நோயுள்ள ஒருத்தி வேலைக்கு வராத நாளில் நட்டம் யாருக்கு? நிர்வாகவியல் பாடநூலைப் புரட்டினால் உடனே விடை கிடைத்துவிடும்: நிறுவனத்துக்கு. அவளுக்குத் தந்த விடுப்புச் சம்பளம், அவளிடத்தில் வேறொருவரை நிறுத்திய செலவு, அன்றைக்குக் குறைந்த உற்பத்தி ஆகிய மூன்றையும் கூட்டினால் வராத நாளின் விலை வந்துவிடும். இந்தக் கூட்டல் பொய் என்று நான் சொல்லவில்லை. இதில் எழுதப்படாத வரிகளைப் பற்றித்தான் பேச வருகிறேன். அவள் நோயோடு வந்து நின்ற நாள்களின் விலை இதில் இல்லை. முடியாமல் வேலையையே விட்டுவிட்டவளின் கணக்கு இல்லை. அவளை வேலைக்கு அனுப்பிவைப்பதற்காக வீட்டில் உழைத்த இன்னொரு பெண்ணின் பெயரும் இல்லை.

வருகையைக் கொண்டு மனிதரை அளக்கும் பழக்கம் ஆலையோடு வந்தது. ஆலைக்கு முந்தைய உழைப்பில், எடுத்த வேலை முடிந்ததா என்பதே பெரிதும் கேள்வி. ஆலையில் ஆள் நேரத்துக்கு வந்தாரா என்பது முதல் கேள்வியாயிற்று என்று வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்குகிறார். மதுரைக்காரர்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை இங்கே வந்தது. மில் சங்கை வைத்து நேரம் சொன்ன தலைமுறை ஒன்று இந்த ஊரில் இருந்தது. சங்கு ஊதும்போது வாசலுக்குள் இருக்கும் உடலே நல்ல தொழிலாளி. அந்த உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது சங்குக்குத் தெரியாது. இன்றைய விரல்ரேகைப் பொறிக்கும் தெரியாது.

எனக்குப் பதினோரு ஆண்டுகளாக முடக்குவாதம் இருக்கிறது. மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது; விறைப்பு தளர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகல் பதினோரு மணிக்கு என்னைப் பார்ப்பவர் யாரும் என்னை நோயாளி என்று சொல்லமாட்டார். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். மறுநாள் குமட்டலும் அசதியுமாக இருக்கும். அதனால் அதைச் சனிக்கிழமை இரவுக்கு வைத்திருக்கிறேன். ஞாயிறு முழுக்கப் படுக்கை, திங்கள் காலை வகுப்பு.

கல்லூரிப் பதிவேட்டின்படி என் நோய்க்கு அந்த வாரம் ஒரு நாளும் செலவாகவில்லை. ஆனால் செலவு நடந்துதான் இருக்கிறது. என் ஓய்வு நாளிலிருந்தும், மகளோடு உட்கார வேண்டிய பொழுதிலிருந்தும், எழுத நினைத்து எழுதாமல் விட்டவற்றிலிருந்தும் அது எடுக்கப்பட்டிருக்கிறது. நோயின் நாள் எங்கும் மறைந்துபோவதில்லை. கணக்கெழுதாத இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. இவ்வளவும் மாதச் சம்பளமும் மருத்துவ விடுப்பும் உள்ள ஒருத்தியின் நிலைமை. அவை இல்லாதவர்களின் நோய்நாள் எங்கே போகிறது என்று கேட்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

அதற்கு முன், நாள்பட்ட நோயை ஏன் யாரும் எளிதில் நம்புவதில்லை என்பதைப் பார்த்துவிடலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1951இல் நோயாளியைச் சமூகம் நடத்தும் விதத்தை ஓர் ஒப்பந்தம்போல விவரித்தார். நோயாளிக்கு இரண்டு சலுகைகள்: வழக்கமான கடமைகளிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு, நோய்க்காக அவரைக் குறைசொல்லக் கூடாது. பதிலுக்கு இரண்டு கடமைகள்: அவர் குணமாக விரும்ப வேண்டும், மருத்துவரிடம் போய் அவர் சொற்படி நடக்க வேண்டும். டைபாய்டு வந்தவர் இந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிடலாம். மூன்று வாரம் படுத்தார், எழுந்தார், வேலைக்கு வந்தார், கதை முடிந்தது. முடக்குவாதமோ, சர்க்கரையோ, சிறுநீரக நோயோ, எண்டோமெட்ரியோசிஸோ உள்ளவர் என்ன செய்வார்? குணமாக விரும்புவது மட்டுந்தான் அவரால் முடியும். குணமாவது அவர் கையில் இல்லை.

பழந்தமிழில் நோய்க்கு இன்னொரு சொல் பிணி. பிணித்தல் என்றால் கட்டுதல். வந்து போகும் காய்ச்சலைவிட, அவிழாமல் கூடவே இருக்கும் நோய்க்கு இந்தச் சொல் சரியாகப் பொருந்துகிறது. கட்டு சில நாள் இறுகும், சில நாள் தளரும். தளர்ந்த நாளில் நம்மைப் பார்த்தவர்கள் இறுகிய நாளை நம்பமாட்டார்கள். “நேத்து நல்லாத்தானே மேடம் இருந்தீங்க?” என்ற கேள்வியைக் கேட்காத நாள்பட்ட நோயாளி இருக்க முடியாது. கேட்பவரிடம் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. நோய் என்றால் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் அவர் மனத்தில் இருக்கிறது. சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பல நல்ல கதவுகளைத் திறந்தது. ஆனால் அதன் முக்கியமான பயன்களைப் பெறக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். திங்களன்று எழுபதும் வியாழனன்று பத்துமாக இருக்கும் உடலை எந்தக் கிழமையில் அளப்பது?

இங்கே கனடாவின் பெண்ணியத் தத்துவவாதி சூசன் வெண்டெல் உதவுகிறார். அவரே நாள்பட்ட நோயோடு வாழ்ந்தவர். 1996இல் வந்த தம் நூலில், வாழ்க்கையின் வேகமே சிலரை இயலாதவர்களாக ஆக்குகிறது என்றார். பத்து மணிக்குத் தொடங்கும் வகுப்பில் நான் இயலும் ஆசிரியர். எட்டரைக்குத் தொடங்கினால் இயலாத ஆசிரியர். இரண்டு நாளிலும் உடல் ஒன்றுதான். மாறியது கால அட்டவணை. அப்படியானால் வராத நாளின் நட்டத்தில் ஒரு பங்கு நோயினுடையது, ஒரு பங்கு அட்டவணையினுடையது. முழுவதையும் நோயாளியின் பெயரில் எழுதுவது எப்படி நியாயமாகும்?

அட்டவணையைத் துளியும் மாற்றாமல் உடலை மட்டும் மாற்றச்சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்ப்பக்கமே சாட்சி இருக்கிறது. மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர்க் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை நூற்பாலைகளுக்கு அழைத்துப்போன ‘சுமங்கலித் திட்டம்’ நினைவிருக்கும். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. பலரைப் ‘பயிற்சியாளர்’ என்றே பதிந்தார்கள். நோயால் விட்ட நாள்களை ஈடுகட்டினால்தான் ஒப்பந்தம் முடியும். இடையில் உடம்பு முடியாமல் வீட்டுக்குத் திரும்பினால் அந்தத் தொகை கிடைக்காமலே போகலாம். அந்தத் தொகை அந்தப் பிள்ளைகளின் கூலியில் பிடித்துவைத்ததுதான். அவர்களுடைய பணமே அவர்கள் வருகைக்குப் பிணையாக வைக்கப்பட்டது.

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் பெயர் அச்சிடாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்கள் கொடுத்தார்கள், அதை விழுங்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தோம் என்று அப்பெண்கள் சொன்னார்கள். என்ன மாத்திரை, பின்விளைவு என்ன என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் கூலியை விட முடியாதவர்கள் அவர்கள். ஒரு மணி நேர உற்பத்தியை விட முடியாதது அந்த வரிசை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாத்திரை.

இதன் கொடிய எல்லையை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் பார்த்தோம். அங்கிருந்து கரும்பு வெட்டப் போகும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் ‘அரிவாள்’ என்று கணக்கிடப்படுவார்கள். முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஒரு நாள் வராவிட்டால் 500 ரூபாய் அபராதம் என்று செய்திகள் வந்தன. 2019இல் மாநில அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில், 13,000க்கும் மேற்பட்ட பெண்கள் கருப்பையை அகற்றிக்கொண்டிருந்தது தெரியவந்தது. பலர் இளவயதினர். எல்லா அறுவைக்கும் அபராதமே காரணம் என்று சொல்ல முடியாது. பணத்துக்காக அறுவைக்குத் தள்ளிய மருத்துவமனைகளும் உண்டு. ஆனால் மாதவிடாயும் வெள்ளைப்படுதலும் வேலைநாளைக் கெடுக்கும், அபராதம் கட்ட வழியில்லை என்ற அச்சத்தை அப்பெண்களே சொன்னார்கள். வருகையைக் காப்பாற்ற ஓர் உறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இதை எந்த நிறுவனத்தின் செலவுக் கணக்கிலும் பார்க்க முடியாது.

இவை விதிவிலக்கான கொடுமைகள் என்று ஒதுக்கிவிடத் தோன்றலாம். தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, நின்றால் கால் ஓய்வது என்று அதன் அடையாளங்கள் எல்லாமே வேலையைப் பாதிப்பவை. நம் பேருந்துகளில், நூறுநாள் வேலைத்தளங்களில், துணிக்கடைகளில் நின்றுகொண்டிருக்கும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் நோயோடுதான் நிற்கிறார்கள். அவர்கள் வந்துவிட்டார்கள் என்பதால் அது யாருக்கும் தெரிவதில்லை.

இந்தச் சுமையை ஒருவர் தலையில் வைக்காமல் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனை நம் நாட்டில் பழையது. பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையிலிருந்து தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் பிறந்தது. நாம் இ.எஸ்.ஐ. என்கிறோம். தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் ஒரு பொது நிதிக்குக் கட்டுகிறார்கள். நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள்வரை 70 சதவீதக் கூலி அந்த நிதியிலிருந்து வரும். காசநோய், தொழுநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதக் கூலி இரண்டாண்டுவரைகூடக் கிடைக்கலாம். எல்லோரும் கொஞ்சம் கொடுத்து, விழுந்தவரைத் தாங்குவது. இதைவிட எளிய அறம் வேறு என்ன இருக்கிறது? ஆனால் வாசலில் ஒரு நிபந்தனை உண்டு. ஆறுமாதக் காலத்தில் 78 நாள் பங்களிப்புச் செலுத்தியிருந்தால்தான் நோய்க்காலப் பயன். அதாவது நோயாளியாக அங்கீகாரம் பெற முதலில் தவறாமல் வேலைக்கு வந்திருக்க வேண்டும். விட்டுவிட்டு வேலைக்கு வரும் நாள்பட்ட நோயாளிதான் இந்த எண்ணில் முதலில் தடுக்கி விழுகிறவர்.

குறை இருந்தாலும் அந்த யோசனையின் மதிப்பைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு போதும். மகப்பேறு விடுப்பை 2017இல் 26 வாரமாக உயர்த்தினார்கள். இ.எஸ்.ஐ.யில் உள்ள பெண்ணுக்கு அந்தக் கூலி பொது நிதியிலிருந்து வருகிறது. அதற்கு வெளியே உள்ள பெண்ணுக்கு அந்த ஒரு முதலாளியே தர வேண்டும். ஒரே பெண், ஒரே விடுப்பு. முதல் வழியில் அவள் காப்பீட்டாளர், இரண்டாவது வழியில் அவள் ‘செலவு’. மாதவிடாய் விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தது. அந்தக் கவலை உண்மையானது. ஆனால் அது பெண்ணின் உடலிலிருந்து பிறந்த கவலை அல்ல. செலவை யார் தலையில் வைக்கிறோம் என்ற ஏற்பாட்டிலிருந்து பிறந்தது. ஏற்பாட்டை மாற்றலாம்.

இந்த ஏற்பாடுகள் எதுவும் எட்டாத இடத்தில்தான் நம் பெண்களில் பெரும்பகுதி வேலை பார்க்கிறார்கள். சுங்குடிச் சேலைக்கு வீட்டில் உட்கார்ந்து முடிச்சுப் போடுபவருக்கு வருகைப்பதிவேடே கிடையாது. விரல் வலித்த நாளில் அவர் ‘ஆப்சென்ட்’ ஆவதில்லை. முடிச்சு குறைகிறது, காசு குறைகிறது. விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் கிலோக் கணக்கில் பூ எடுப்பவருக்கும் அப்படித்தான். அவர்களுடைய நோய்நாளுக்குப் பெயர்கூட இல்லை. பெயர் இல்லாததால் நட்டமும் இல்லை என்று நாட்டின் கணக்கு நினைத்துக்கொள்கிறது.

என் வீட்டில் வேலை பார்க்கும் அக்காவுக்குச் சர்க்கரை. நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். ஞாயிறுகளில் நான் படுத்திருக்கும்போது அடுப்படியைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். பாதத்தில் புண் வந்தபோது மூன்று நாளில் வேலைக்கு வந்துவிட்டார். “லீவு போட்டா அந்த வீட்டுல வேற ஆளு வச்சிருவாக டீச்சர்” என்றார். எங்கள் வீட்டில் அவருக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. அதனால் அவர் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அது நான்கில் ஒரு வீடு. ஒரு வீட்டின் நல்ல மனத்தை நம்பி ஒருவர் நோய்ப்பட முடியாது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007இலிருந்து நலவாரியம் இருக்கிறது. ஆனால் புண் ஆறும்வரை படுத்திருக்கும் நாள்களுக்குக் கூலி தர ஒரு நிதி அவருக்கு இல்லை.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு பேரைச் சொல்லி முடிகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நான்காமவரை வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்கிறார். அங்கே உழை என்றால் பக்கம். இன்றைய காதுக்கு அது உழைப்பு என்றும் கேட்கிறது. இரண்டும் சரிதான். பக்கத்தில் இருப்பதே பெரிய உழைப்பு. சொல் ஆண்பாலில் இருந்தாலும் வேலை பெண்பாலில்தான் நடக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லா வீட்டுவேலை செய்பவர்களில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகத் தெரிந்தது. நோயுள்ள ஆண் நூறு சதவீத வருகை வைத்திருந்தால், அந்த நூறில் எத்தனை அவன் மனைவியுடையது? நோயுள்ள பெண் வேலை முடிந்து வீடு திரும்பினால், அவளுடைய உழைச்செல்வாள் யார்? பெரும்பாலும் அவளே.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இதன் பெரிய பயனாக எனக்குப் படுவது மாத்திரையைவிட மிச்சமாகும் நாள். பெரியாஸ்பத்திரி வரிசையில் கூலியை விட்டுவிட்டு நின்ற நாளை அது திருப்பிக் கொடுக்கிறது. நோயாளி வருகை தந்தால்தான் மருத்துவம் என்ற விதியை ஒரு திட்டம் மாற்ற முடியுமென்றால், வேலையிடமும் மாற்ற முடியும்.

ஒரு மறுப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் வராத நாளில் என் வகுப்பை எடுப்பவர் சக ஆசிரியை. அவருக்கும் வீடு இருக்கிறது, முதுகுவலி இருக்கிறது. மூன்று பேர் வைத்து ஜெராக்ஸ் கடை நடத்தும் பெண் முதலாளியால் ஒருவரின் நீண்ட விடுப்பைத் தனியாகத் தாங்க முடியாது. அவர்கள் முணுமுணுத்தால் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. மூன்று பேர் வேலைக்கு மூன்றே பேரை வைக்கும் ஏற்பாட்டில் நாலாவது ஆளின் சுமை எப்போதும் சக தொழிலாளியின் தோளில்தான் இறங்கும். அதனால்தான் கருணையை நம்பாமல் நிதியைக் கேட்கிறேன். மாற்று ஆசிரியருக்கான பணியிடத்தைக் கேட்கிறேன். வேலை நாளில் கொஞ்சம் இடைவெளியைக் கேட்கிறேன்.

நம் தரப்பிலேயே அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு வாதத்திடமும் எச்சரிக்கை வேண்டும். ‘நோயுள்ள பெண்களைக் கவனித்தால் உற்பத்தி பெருகும், நாட்டுக்கு லாபம்’ என்கிறோம். பல நேரம் அது உண்மை. அதிகாரிகளிடம் எடுபடவும் செய்யும். ஆனால் எவ்வளவு கவனித்தாலும் லாபம் தராத உடல்கள் உண்டு. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போகும் பெண்ணிடம் லாபக்கணக்கு காட்டினால் அவள் எப்போதும் கடன்காரிதான். லாபத்தைக் காட்டி உரிமை கேட்டால், லாபம் நின்ற நாளில் உரிமையும் நிற்கும். நோயுறும் உரிமை ஒருத்தி வந்த நாள்களின் எண்ணிக்கையோடு கட்டப்படாமல், அவளோடு கட்டப்பட வேண்டும்.

மாணவிகளாகிய உங்களுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. கேரளத்தில் 2023இல் மாணவியருக்கு அதை 73 ஆக்கினார்கள். இரண்டு சதவீதம் சிறியதுதான். ஆனால் அந்த 75 யாரும் மாற்ற முடியாத எண் அல்ல என்பதை அது காட்டிவிட்டது. நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போகுமிடத்தில் யாராவது வராத நாள்களின் நட்டத்தைத் திரையில் காட்டினால், நோயோடு வந்த நாள்களின் கணக்கு எங்கே என்று கேளுங்கள்.

தமிழ் வகுப்பில் பெயர் வாசிக்கும்போது “உள்ளேன் அம்மா” என்கிறீர்கள். வந்திருக்கிறேன் என்ற பொருளில் சொல்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு ‘நான் இருக்கிறேன்’ என்றே பொருள். பெயர் வாசித்து, குரல் வராமல், கோடு போடும்போது நான் நினைத்துக்கொள்வது இதுதான்: அந்தப் பிள்ளை வரவில்லை. ஆனால் எங்கோ ஒரு வீட்டில், ஒரு பாயில், அவளும் உள்ளாள்.